எண்ணிறந்த பெருமானும் எண்ணில் ஓர் உயிரும்



எண்ணப்படுவதால் மனிதன் சிறுத்துப்போகிறான் என்று உலகில் பலர் கருதுவர். வரிசையில் நிற்பவனுக்கு ஓர் எண். குடும்ப அட்டைக்கு ஓர் எண். மருத்துவமனைப் படுக்கைக்கும் ஓர் எண். எத்தனை பேர் என்று கணக்கிடுகிறவர், அவர்கள் யார் யார் என்று கேட்பதில்லை. உத்ஸவ காலத்தில் ஆயிரமாயிரம் பேர் நடுவே கைகூப்பி நிற்கும் எளிய அடியவனுக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு: ‘இத்தனை பேரில் எம்பெருமான் என்னை அறிவானோ? நான் ஒருவன் வாராதிருந்தால் இங்கு என்ன குறைந்துவிடும்?’ இவ்வையத்தைத் தெளிவிக்க அந்த எண்களே துணைக்கு வருகின்றன.

கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் ஆராவமுதன் எழுந்தருளியுள்ள திருக்கோயிலை ஒட்டிய சாரங்கபாணி ஸந்நிதித் தெருவில் வளர்ந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடியினர். 1914 முதல் 1919 வரை அவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அங்கே நோயுற்றிருந்த அவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றியது என்றும் கூறினார். ராமாநுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகையில் அமையும் எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். 1இன் கனம் 1. 12இன் கனம் 1728. கூட்டினால் 1729. 9இன் கனம் 729. 10இன் கனம் 1000. கூட்டினால் மீண்டும் 1729.

அந்த எண் அன்றுதான் பெருமை பெற்றதா? இல்லை. அப்பெருமை அதற்கு என்றும் உண்டு. அறியாத கண்ணுக்கு அது வெறும் எண்; அணுகி அறிந்தவருக்கு அது தனித்தன்மை வாய்ந்த ஒன்று. குறை எண்ணில் இல்லை, பார்வையிலேதான் இருந்தது. எண்களோடு பழகிய மனிதர் ஒருவருக்கே இது கூடுமாயின், உயிர்கள் அனைத்தினுள்ளும் அந்தர்யாமியாய் உறைந்து அவற்றை உள்ளிருந்தே அறியும் ஸர்வஜ்ஞனுக்குச் சுவையற்ற உயிர் என ஒன்று இருக்க இயலுமோ?

விசிஷ்டாத்வைத ஸித்தாந்தம் ஜீவாத்மாக்கள் பலர் என்று அறுதியிடுகிறது. குருக்ஷேத்திரத்தில் கண்ணபிரான், தானும் அர்ஜுனனும் அங்கே நின்ற அரசர்களும் இல்லாதிருந்த காலமும் இல்லை, இல்லாதுபோகும் காலமும் இல்லை என்று வெவ்வேறாகப் பிரித்துக் கூறியதை எம்பெருமானார் இதற்குச் சான்றாகக் காட்டியருளினார். ஸ்ரீபாஷ்யத்தில் மேலும் ஒரு படி சென்றார். ‘நான்’ என்னும் பொருளே அழிந்துபோவதுதான் மோக்ஷம் என்றால், அதனை விரும்பி முயல்வார் ஒருவரும் இரார். அப்பேச்சு எழுந்த இடத்தை விட்டே அகன்றுவிடுவர் என்பது அவர் காட்டிய நியாயம். அழியவேண்டியது அகங்காரம், ‘நான்’ எனத் தன்னை உணரும் ஆத்மா அன்று.

பள்ளிச் சிறுவனும் அறிந்த பெருக்கல் கணக்கு இதனை எளிதில் விளக்கும். எந்த எண்ணையும் பூஜ்யத்தால் பெருக்கினால் விடை பூஜ்யமே. ஐந்தும் ஐந்நூறும் அங்கே வேறுபாடு இழக்கின்றன. ஒன்றால் பெருக்கினாலோ ஐந்து ஐந்தாகவே நிற்கும். ஐந்நூறு ஐந்நூறாகவே நிற்கும். அந்த ஒன்று எல்லா எண்களையும் மீதமின்றி வகுக்கும், எதனுள்ளும் பொருந்தும், எதன் இயல்பையும் கெடுக்காது. எம்பெருமானோடு சேரும் உயிரின் நிலையும் இத்தகையது. அச்சேர்க்கையால் ஆத்மா இல்லாதொழிவதில்லை. தன் உண்மை ஸ்வரூபத்தோடு விளங்குகிறது, அவனுக்கே அடிமை என்னும் உணர்வில் நிறைவு காண்கிறது.

ஆயினும் முதலில் எழுந்த ஐயத்தின் மறுபாதி எஞ்சி நிற்கிறது. பகவான் அனந்தன் அன்றோ? 1114ஆம் ஆண்டு பிறந்த பாஸ்கராசாரியர் தம் பீஜகணிதத்தில், பூஜ்யத்தால் வகுக்கப்பட்ட எண்ணுக்கு அச்யுதனையே உவமை காட்டினார். படைப்பின்போது உயிர்க்கூட்டங்கள் வெளிப்பட்டாலும், பிரளயத்தில் உள்ளே ஒடுங்கினாலும் அவனிடத்தில் மாறுதல் இல்லை; அதுபோல அவ்வெண்ணும் கூட்டினாலும் கழித்தாலும் மாறாது என்றார். பூஜ்யத்தால் வகுப்பதை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. ஆயின் முடிவில்லாத தொகுதியிலிருந்து ஒன்றை எடுத்தாலும் அது முடிவில்லாததாகவே இருக்கும் என்பதை ஏற்கிறது. அவ்வாறாயின் ஓர் உயிர் கரையேறாது போனால் அனந்தனுக்கு என்ன குறை?

கணக்கின்படி குறை ஒன்றும் இல்லை. ஆனால் கஜேந்திரன் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. மடுவில் முதலையின் பிடியில் கதறியது ஒரே ஒரு யானை. ஸங்கல்பமாத்திரத்தால் உலகங்களைப் படைக்க வல்லவன், இருந்த இடத்திலிருந்தே அதனைக் காத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கருடன்மேல் ஏறி, விரைந்து, தானே மடுக்கரைக்கு வந்தான். குறை தீர்த்துக்கொள்ள வந்தவன் அல்லன். குறைவற்றவனாயிருந்தும் அந்த ஒன்றைக் கைவிட மனமில்லாமல் வந்தவன். அவனுடைய பூர்ணத்துவம் கணக்குக்கு உட்பட்டது. அவனுடைய காருண்யமோ கணக்கை மீறியது.

இதனை உணர்ந்தவன் இரண்டு கடமைகளை ஏற்கிறான். தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று இகழ்ந்து சோர்வடைவதை விடுகிறான். எம்பெருமான் தேடிவரும் பொருளை இகழ அவனுக்கு உரிமை இல்லை. அவ்வாறே பிறன் ஒருவனையும் ‘இவன் எண்ணிக்கைக்கு ஒருவன்’ என்று தள்ளுவதை விடுகிறான். விடியுமுன் திருவலகிடுபவர், மடைப்பள்ளியில் புகையிடையே நிற்பவர், வாகனத்தைத் தோள்கொடுத்துத் தாங்குபவர், பேசவும் மாட்டாது ஒரு மூலையில் நின்று சேவிப்பவர் ஆகிய ஒவ்வொருவரும் தமக்குரிய கைங்கர்யத்தோடு நிற்கும் ஒவ்வோர் ஆத்மா. அவர்களுள் எவரையேனும் சுவையற்ற எண்ணாகக் காண்பவன், 1729ஐ முதலில் கண்ட பேராசிரியரின் நிலையிலேயே நிற்கிறான்.

எண்ணிறந்த கல்யாண குணங்களை உடைய எம்பெருமான் ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே அறிந்தருளுகிறான். அவன் திருவுள்ளத்தில் இடம்பெறாத உயிர் இல்லை. ஓர் உயிரின் இடத்தில் மற்றோர் உயிர் நிரப்பப்படுவதும் இல்லை. இவ்வறிவு அடியார் அனைவர்க்கும் நிலைபெறுமாறு அவன் அருள் புரிவானாக.