'வெறும் சுளுக்குதானே' என்கிறார்களா?

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வீக்கம் வடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் படி இறங்கினால் கணுக்கால் வலிக்கிறது. மேடுபள்ளம் கண்டால் பாதம் மறுபடி பிரண்டுவிடுமோ என்று நெஞ்சு பதறுகிறது. 'வெறும் சுளுக்குதானே, இன்னுமா சரியாகல?' என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். கேட்கட்டும்! உங்கள் வலி பொய்யில்லை. நீங்கள் கோழையும் இல்லை.

பாதம் உட்புறமாகப் பிரளும்போது கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு கிழிகிறது. கடுமையான கிழிசல் என்றால் அது முழு உறுதி பெற ஓராண்டுகூட ஆகலாம். எக்ஸ்ரேயில் தெரியாத சேதமும் உண்டு. பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு முனைகள் அந்த ஜவ்விலும் இருக்கின்றன, அவையும் அடிபடுகின்றன. சேதி பிந்துகிறது, காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தசை பிந்தி இறுகுகிறது, கால் மீண்டும் பிசகுகிறது. படுத்துக் கிடந்தால் இது சரியாகாது. பழக்கினால் ஆகும்!

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரியைப் பாருங்கள். வலது கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகியது. 2011இல் ஓர் அறுவைசிகிச்சை, 2012இல் இன்னொன்று. இடைப்பட்ட பருவத்தில் 66 ஆட்டங்களில் 26 மட்டுமே ஆடினார். இவர் கால் தாங்குமா என்று ஊரே சந்தேகப்பட்டது. அவர் முடங்கவில்லை. கணுக்கால் தனியாகச் சுமந்த பாரத்தை இடுப்பும் தொடையும் ஏற்கும்படி எடை தூக்கி உடலையே புதிதாகக் கட்டினார். 2015, 2016 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் மிகச்சிறந்த வீரர் அவர்தான்! 2024இல், 36 வயதில், பாரிஸ் ஒலிம்பிக் தங்கம்!

உங்களுக்குப் பதக்கம் வேண்டாம். பயமில்லாமல் பஸ் ஏறினால் போதும். சுவரோரம் நின்று, பிடிமானத்தோடு, அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். கால் நடுங்கும். நடுங்கட்டும், நில்லுங்கள்! பிறகு குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். இலேசான வலிக்கு அஞ்ச வேண்டாம். மறுநாள் வீங்கினால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தால் இன்னும் வேகமாக முன்னேறலாம்.

மூட்டு பூட்டிக்கொள்கிறதா? உள்ளே ஆழத்தில் குத்துகிறதா? வீக்கம் விடாமல் வருகிறதா? குருத்தெலும்பு சேதமோ கண்ணுக்குத் தப்பிய முறிவோ இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். வலிக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். 'பொறுத்துக்கோங்க' என்ற ஒரே வார்த்தையோடு அனுப்பப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். அங்கே பதில் கிடைக்கவில்லையா, அடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்!