கீறலும் பிரேக்கும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். சென்னையிலிருந்து திருச்சி, மதுரை போகிற வண்டிகளில் பெரும்பகுதி இந்தத் துண்டுச் சாலையைக் கடந்துதான் போகவேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் உரசிக்கொண்டு நிற்கும். கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள், டிப்பருக்கு வெளியே கழிகள் நீட்டிக்கொண்டிருக்க, சாலையின் பாதியை எடுத்துக்கொள்ளும். இங்கே கார் வைத்திருப்பவர் எவருடைய கதவிலும் ஒரு கோடாவது இருக்கும்.

அந்தக் கோட்டைப் போட்டவரை என்ன செய்வது? காசு வாங்குவதா, போகட்டும் என்று விடுவதா? பெரும்பாலும் நாம் சேதத்தைப் பார்த்தே இதை முடிவு செய்கிறோம். கீறல் என்றால் விட்டுவிடுகிறோம், சொட்டை விழுந்தால் கேட்கிறோம். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. இடி பெரிதா சிறிதா என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஏன் இடித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் கைகொடுக்குமா என்றால், சின்னச் சேதத்தில் கொடுப்பதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காரோ லோடு வண்டியோ அடுத்தவர் சொத்துக்குச் செய்யும் சேதத்துக்கு, வழக்கமான பாலிசியில் ஏழரை லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ஆனால் அதைப் பெற காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஒரு கதவுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிற காசுக்காக யாரும் வாய்தா வாய்தாவாக நடக்கமாட்டார்கள்.

நம்முடைய பாலிசியில் கேட்டாலும் கணக்கு இடிக்கும். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலை தேய்மானமாகப் போய்விடும்; பம்பர் பிளாஸ்டிக்தான். சிறிய கார் என்றால் அதற்குமேல் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். ஆறாயிரம் ரூபாய் பம்பருக்குக் கைக்கு வருவது இரண்டாயிரம். ஜீரோ டெப் எடுத்திருந்தால் தேய்மானம் போகாது என்பது சரி. ஆனால் எதுவும் கேட்காமல் இருந்ததற்காக முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் வருடம் 50 சதவீதம் வரை ஏறிய போனஸ், ஒரே ஒரு கிளைமில் பூஜ்யத்துக்கு இறங்கும். தப்பு அடுத்தவருடையதாக இருந்தாலும் அப்படித்தான்.

ஆக, இந்தச் சின்ன இடிகளைச் சட்டம் சாலையோரத்தில் நிற்கும் இரண்டு பேரிடமே விட்டுவிட்டது. அங்கே கூடுகிற கூட்டமும் ஒரு தீர்ப்போடுதான் வரும்: ஏதோ ஒரு தொகையைச் சொல்லி, வாங்கிக்கொண்டு கிளம்பு என்று. அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஆளுக்கு அடி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு வண்டியையும் படம் எடுத்து, எண்ணை வாங்கிக்கொண்டு ஓரம் கட்டிவிட வேண்டும். பேச்சு அதற்குப் பிறகு.

குடித்துவிட்டு இடித்தவரை, போனைப் பார்த்துக்கொண்டே வந்து இடித்தவரை, கீறலே விழாவிட்டாலும் விடக் கூடாது என்பது என் எண்ணம். காசு வாங்கிக்கொண்டு அனுப்பினாலும் அது விடுவதுதான். அடுத்த ஊரில் அவர் இடிக்கப்போவது பம்பராக இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? நூறுக்கு அழைத்துவிட வேண்டும். மழையில் வழுக்கி வந்து இடித்தவரை, புதிதாக ஓட்டக் கற்றுக் கைநடுங்க நிற்பவரை, சொட்டை பெரிதாக இருந்தாலும் என்னால் நெருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. நம் கார் ஒருவருடைய டிவிஎஸ்ஸை உரசி இண்டிகேட்டர் உடைந்தால், சின்னதுதானே என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அதில்தான் அவர் வேலைக்குப் போகிறார்.

கூட்டேரிப்பட்டு அருகே என் வண்டியின் பின்னால் ஒரு ‘குட்டி யானை’ லோடு வண்டி வந்து மோதியபோது இந்த எண்ணமெல்லாம் எனக்குச் சோதனைக்கு வந்தது. அதில் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போகும் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகள். ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். “ணா, எவ்ளோன்னு சொல்லுங்க, குடுத்துடறேன். ஓனராண்ட மட்டும் சொல்லாதீங்கணா” என்றான். நான் காசைப் பற்றிப் பேசவில்லை. ஏன்பா நிற்கவில்லை என்று கேட்டேன். பிரேக் ரொம்ப நாளாகவே கீழே போய்த்தான் பிடிக்கிறது, சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றான்.

அந்த இடத்தில் நான் பணம் வாங்கியிருந்தால் என் பம்பர் சரியாகியிருக்கும். அவன் எங்கேயாவது கடன் வாங்கியிருப்பான். பிரேக் அப்படியே இருந்திருக்கும். பெருந்தன்மையாக விட்டிருந்தாலும் பிரேக் அப்படியேதான் இருந்திருக்கும். லோடு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடா வருடமும் எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். நடுவில் உள்ள மாதங்களில் பிரேக்கைப் பார்ப்பது முதலாளியின் மனசாட்சிதான். பழுது தெரிந்தே ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டவிடுகிறவரும் குற்றவாளி என்று அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சாலையில் கைகட்டி நிற்பது எப்போதும் ஓட்டுநர்தான்.

“உன்மேல புகார் சொல்லமாட்டேன், பிரேக்கைப் பத்தி மட்டும் பேசறேன்” என்று அவனிடம் சொல்லி, அவன் அரைமனதோடு தலையாட்டிய பிறகே முதலாளியை அழைத்தேன். எனக்குக் காசு வேண்டாம், பிரேக்கைச் சரிசெய்யுங்கள், பையன் சம்பளத்தில் எதையும் பிடிக்காதீர்கள், பழுது அவன் செய்ததில்லை என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். பம்பரை என் செலவில் திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பையனை அழைத்தேன். பிரேக் லைனிங் மாற்றியாகிவிட்டது என்றான். சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்ததையும் சொன்னான். முதலாளியை மறுபடி அழைத்தேன். அது உங்கள் வண்டிக்காக இல்லை சார், என் வண்டியின் ஹெட்லைட் உடைந்ததற்காக என்றார். பிரேக் பிடிக்காமல் உடைந்த லைட்டுக்கு ஓட்டுகிறவன் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் பார்த்துச் செய்கிறேன் என்றார். அடுத்த மாதமும் அழைப்பேன் என்று சொல்லிவைத்தேன்.