இதயத்தின் சுவரில் துளை இல்லை

 

நம் இதயத்தின் கீழ்ப்பகுதியில் வலப்புறம் ஓர் அறை, இடப்புறம் ஓர் அறை. நடுவே தடித்த சுவர். வலப்புறத்து இரத்தம் இடப்புறம் வருவது எவ்வாறு? சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே கசிகிறது என்றார் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதையே நம்பிற்று.

டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் 1242ஆம் ஆண்டில் அதை மறுத்தார்கள். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய ஷரஹில், 'அச்சுவரில் துளையே இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, பிறகே இடப்புறம் வருகிறது' என்ற கருத்தை நிலைநாட்டினார்கள். ஐரோப்பாவில் இக்கருத்து அச்சேறியது 1553இல்தான்!

இவர்கள் மருத்துவர் மட்டுமல்லர். ஷாஃபிஈ மத்ஹபின் பிக்ஹை மதரஸாவில் போதித்த ஆலிமும் ஆவார்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் நானும் மருத்துவத்தை 'துன்யாவின் இல்மு' என்று ஒதுக்கியவன்தான். இப்பெரியாரின் வரலாற்றைப் படித்த பிறகே வெட்கப்பட்டேன். இரண்டு இல்முக்கும் இடையே சுவர் எழுப்பியது நாமல்லவா?

அவர்களுடைய இறுதி நேரத்தைக் கேளுங்கள். மரணப் படுக்கையில், மருந்தாக மது அருந்தும்படி சக மருத்துவர்கள் கூறினர். வயிற்றில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என மறுத்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 687இல், அதாவது 1288இல், வஃபாத்தானார்கள். தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு வக்பு செய்திருந்தார்கள்.

ஆனால் அந்த ஷரஹ் என்னவாயிற்று? பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டு வெளிப்படுத்தினார். எழுதியவர் நம்மவர், மறந்தவர்களும் நாமே!

மனிதன் மரணித்த பின்னும் பலன் தருபவற்றுள் பயனளிக்கும் கல்வியும் ஒன்று என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. முன்னோரின் பெருமை பேசுவது மட்டும் நமக்கு நன்மை சேர்க்காது. உங்கள் மகனோ மகளோ உடற்கூறு படிக்க அமர்ந்தால், 'இதுவும் அல்லாஹ்வின் படைப்பை அறியும் கல்வியே. பிஸ்மி சொல்லித் தொடங்கு' என்று கூறுங்கள். தொழுகை நேரம் வந்ததும் அதே பிள்ளையை அன்போடு எழுப்புங்கள். இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கட்டும்!

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.