வாடகையும் கடனும்

காசு கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

கோடைக்கானலிலும் நீலகிரியிலும் குடியிருப்பு வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர் இரண்டு நாள் தங்குகிறார், நள்ளிரவு வரை பாட்டு வைக்கிறார், போய்விடுகிறார். கேட்டால், "வாடகை கொடுத்திருக்கிறேனே!" என்கிறார். உண்மைதான். கூரைக்கும் கட்டிலுக்கும் கொடுத்தார். அடுத்த வீட்டுக் குழந்தையின் தூக்கத்துக்கு யாரிடம் கொடுத்தார்? ஊரின் அமைதி வீட்டுக்காரர் ஒருவருடைய சொத்தா?

"மலைக்காரனுக்கும் வயிறு உண்டு" என்பார்கள். உண்டு. வாடகையால் அவன் வீட்டு அடுப்பு எரிவதை நான் குறை சொல்லவில்லை. பணத்தோடு முடிந்துபோகும் உறவைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வடசென்னைக்கு அந்த உறவு பழக்கமானது. வெள்ளைக்காரர் காலத்தில் எண்ணூர் ஓர் உல்லாசத் தலம். சென்னைத் துரைமார்கள் படகு விடவும் மீன் பிடிக்கவும் காற்று வாங்கவும் அங்கே வந்தார்கள், பங்களாக்களும் கட்டினார்கள். பிறகு போய்விட்டார்கள். 1970-இல் அனல் மின் நிலையம் வந்தது. 2017-இல் அதுவும் மூடப்பட்டது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கறுத்த வலையோடு கரையில் நின்றவர்கள் மீனவர்களே. இன்பத்துக்கு வந்தவர்கள் எவரும் அந்தத் துன்பத்துக்கு வரவில்லை.

2024 மே முதல், உயர் நீதிமன்ற ஆணைப்படி, அந்த மலைகளுக்குப் போக இ-பாஸ் வேண்டும். வண்டிகளை எண்ணிவிடலாம். 'இந்த ஊருக்கு வரும் கேடு என்னையும் தொடும்' என்ற உணர்வை எப்படி எண்ணுவது? அது உள்ளவன் ஓரிரவு தங்கினாலும் விருந்தாளி. இல்லாதவன் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் கடன்காரனே.