கடலைத் திட்டிய பிள்ளை

எதிலும் குறைவில்லாத இறைவன் எதற்காக இந்த உலகத்தைப் படைத்தான்? ஏதோ ஒன்று வேண்டும் என்று படைத்தான் என்றால் அவனுக்குக் குறை இருந்ததாகிவிடும். ஒன்றும் வேண்டாமலே படைத்தான் என்றால், பிறகு நாம் படுகிற பாடெல்லாம் எதற்கு? மயிலாடுதுறையில் நான் போகும் சித்தாந்த வகுப்பில் இந்த இடம் வந்துவிட்டால் அன்றைக்கு வகுப்பு நேரத்துக்கு முடியாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற பிறகுதான் சாத்திரம் படிக்க உட்கார்ந்தவள் நான். மற்ற கேள்விகள் எல்லாம் வந்து போயின. இது மட்டும் என்னை விடவில்லை.

படைப்பு இறைவனின் விளையாட்டு என்பது பிரம்ம சூத்திரத்தின் விடை. அதற்கு உரை எழுதும் சங்கரர், ஆசையெல்லாம் நிறைவேறிய அரசன் ஒரு பலனும் கருதாமல் விளையாடுவதைக் காட்டுகிறார். நாம் நினைக்காமலே மூச்சு வந்து போவதையும் காட்டுகிறார். இராமானுசர், ஏழு தீவுகளை ஆளும் பேரரசன் பந்தாடுவதைச் சொல்கிறார். இந்தச் சூத்திரத்துக்கு அடுத்த சூத்திரமே, அப்படியானால் இறைவன் பாரபட்சமும் கொடுமையும் உள்ளவன் ஆகமாட்டானா என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு, அவரவர் வினைக்கு ஏற்பத்தான் நடக்கிறது என்று மறுக்கிறது. விளையாட்டு என்று சொன்ன மறுகணமே ஒருவர் எழுந்து நின்று, எது விளையாட்டு என்று கேட்பார் என்பது அந்தச் சூத்திரங்களைச் செய்த முனிவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் சைவத்தில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதே கேள்வியை எழுப்புகிறார். விளையாட்டு என்று சொன்னாலும் பொருந்தும் என்று முதலில் இடம் கொடுக்கிறார். உயிர்களைப் பற்றியுள்ள மலம் என்னும் அழுக்கைத் துடைத்து, போகமும் வீடும் தருவதற்காக என்றும் சொல்லலாம் என்று அதன்மேல் தம் விடையைச் சேர்க்கிறார். அதை அடுத்த பாட்டில், அழித்தல் என்பது பிறந்து பிறந்து களைத்த உயிருக்குத் தரும் இளைப்பாறுதல் என்கிறார். அந்தப் பாட்டை முதன்முதலில் படித்த இரவு எனக்கு மனசு அவ்வளவு நிறைந்திருந்தது. என் கணவர் போய் ஓராண்டு ஆகியிருந்த சமயம் அது.

போன அரையாண்டு விடுமுறைக்கு மகள் குடும்பம் சென்னையிலிருந்து வந்தது. திருக்கடையூர், வைத்தீஸ்வரன்கோயில் என்று நான் ஒரு வரிசை போட்டு வைத்திருந்தேன். மாப்பிள்ளை, “எங்கேயாவது போய் ஒண்ணுமே செய்யாம இருக்கலாமா அத்தை?” என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்து, சரி என்றேன். தரங்கம்பாடியில் கடலுக்குப் பக்கமாக அறை எடுத்துத் தங்கினோம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கண்ணெதிரே நின்றது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறிய ஊர். தமிழாசிரியைக்கு அந்தத் தெருக்களில் நடப்பதே ஒரு யாத்திரைதான். ஆனால் பிள்ளைகளுக்கு மணல் மட்டும் போதுமாக இருந்தது.

பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நாலு. வடகிழக்குப் பருவம் முழுதாக அடங்காத மாதம் என்பதால் கடலில் இறங்க விடவில்லை. ஈர மணல் வரைக்கும்தான் அனுமதி. காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு போய் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை தோண்டுவார்கள். நண்டு வளையைத் தோண்டுவார்கள், குளம் வெட்டுவார்கள், அதற்கு வாய்க்கால் இழுப்பார்கள். சிப்பியை வரிசையாக நட்டு மதில் என்பார்கள். எதுக்குடா இவ்வளவு பெரிய குளம் என்று பேரனிடம் கேட்டேன். கேள்வியே விளங்காமல் என்னைப் பார்த்துவிட்டுத் தோண்டத் தொடங்கினான். சங்கரர் சொல்லும் அரசனை நான் கண்டதில்லை. இவனைக் கண்டேன். பலன் என்ற நினைப்பு ஒரு துளியும் இல்லாமல், உடம்பும் மனசும் முழுக்க ஒரு காரியத்தில் இறங்கியிருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தக் குனிந்த முதுகு காட்டியது. மாப்பிள்ளை துண்டை முகத்தில் போட்டுத் தூங்கினார். மகள் தூங்கவில்லை. பிள்ளைகளுக்கும் அலைக்கும் நடுவில், புடவை நனைய, உட்கார்ந்தே இருந்தாள். இளைப்பாற வந்த இடத்திலும் ஒருத்தி கண்ணை எடுக்காமல் இருந்தால்தான் மற்றவர்கள் இளைப்பாற முடிகிறது.

பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டை ஒரு பெரிய அலை வந்து வாரிக்கொண்டு போனது. அக்காள், “அலை அப்படித்தான்டா வரும். அது வேணும்னு பண்ணல” என்று அவனுக்கு விளக்கினாள். நல்ல விளக்கம், உண்மையும்கூட. அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. எழுந்து கடலைப் பார்த்து நின்று, “போ! நீ கெட்ட கடல்! எங்க வீட்ட ஏன் இடிச்ச?” என்று தொண்டை கிழியக் கத்தினான். தண்ணீரைக் காலால் உதைத்தான். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி தோண்டினான்.

நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து எனக்கு நினைவுக்கு வந்தது. நாள் முழுக்கக் குனிந்து கட்டிய மணல் வீட்டைக் கண்ணன் வந்து சிதைக்கப் பார்க்கிறான். சிறுமிகள் அவனைப் பற்றி யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. அவன் முகத்தைப் பார்த்து அவனிடமே மன்றாடுகிறார்கள், கோபிக்கிறார்கள். அவர்கள் உழைப்பு அவனுக்கு விளையாட்டாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதையும் அவனிடம்தான் சொல்கிறார்கள்.

டிசம்பர் 26-ஆம் தேதி காலையும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். 2004-இல் அது ஆழிப்பேரலை வந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையில் ஏறிக் கிடந்தன. பெண்கள் பால் செம்பும் பூவுமாக வந்தார்கள். மகள் அதைப் பார்த்ததும் பிள்ளைகளை எழுப்பி அறைக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள். அந்த இடத்தில் குழந்தைகள் சிரித்து விளையாடுவது சரியில்லை என்று எனக்கும் பட்டது. என் வயது இருக்கும் ஓர் அம்மாள் நின்று, “விடும்மா, விளையாடட்டும். அன்னிக்கும் புள்ளைங்க இங்கதான் விளையாண்டுகிட்டு இருந்துச்சுங்க” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தண்ணீர் ஓரம் போய்ப் பாலை ஊற்றினார். ஊற்றும்போது கடலிடம் பேசினார். என்ன பேசினார் என்பது அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

அழிப்பு இளைப்பாறுதல் என்ற பாட்டு எனக்கு மனப்பாடம். என் துக்கத்தில் என்னைத் தாங்கிய பாட்டு. அந்த அம்மாள் முன்னால் நின்று அதைச் சொல்ல என் நாக்கு எழுமா? எழாது. அந்தப் பாட்டு பொய் என்று நான் நினைக்கவில்லை. இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் என் இழப்பின்மேல் நான் வைத்துக்கொண்ட மருந்தை இன்னொருத்தியின் இழப்பின்மேல் விளக்கமாக வைக்க எனக்கு உரிமை கிடையாது. விளையாட்டு என்ற விடைக்கும் இதேதான். வீடு இடிந்தவள், இடித்தவனைப் பார்த்து, இது உனக்கு விளையாட்டா என்று கேட்கலாம். கேட்கிற குரலில் நம்பிக்கை இருக்கிறது. எதிரில் ஒருவன் இருக்கிறான் என்றுதானே கேட்கிறாள். தள்ளி நிற்கிற நான், எல்லாம் அவன் விளையாட்டு என்று அவளுக்குச் சொன்னால் அது கொடுமை. கம்பர் இராமகாதையின் முதற்பாட்டில் இறைவனை முடிவில்லாத விளையாட்டு உடையவர் என்று பாடுகிறார். அங்கேயே நிறுத்தவில்லை, அந்தப் பாட்டு அவரிடமே அடைக்கலம் புகுந்துதான் முடிகிறது. இத்தனை வருடம் வகுப்பில் நடத்தியபோது முன்பாதியையே நான் அதிகம் பேசினேன். இப்போது அந்தப் பின்பாதி இல்லாமல் முன்பாதிக்கு நியாயமே இல்லை என்று தோன்றுகிறது.

கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலை தடுக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனோம். “சாமி வீட்டையும் கடல் இடிச்சிடுச்சா அம்மாச்சி?” என்று பேரன் கேட்டான். ஆமாம் என்றேன். “சாமி திட்டினாரா?” என்றான். அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. கேள்வி மிகச் சரியானது என்பது மட்டும் தெரிகிறது.

திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சிறு பிள்ளையாக இருந்தபோது, ஆகமமெல்லாம் கற்ற அருணந்தியார் அவர் முன்னால் போய் நின்று, ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று கேட்டார் என்றும், பிள்ளை வாய் திறக்காமல் அவரையே சுட்டிக் காட்டியது என்றும் மரபு. பிறகு அந்தப் பெரியவர் அந்தப் பிள்ளைக்கே மாணவரானார். சித்தியார் பாடியவர் அவர்தான். அழிப்பை இளைப்பாறுதல் என்று எழுதிய கை, அதற்கு முன்னால் அந்தச் சுட்டுவிரலைக் கண்டு தாழ்ந்த கை. அதனால்தான் அந்தப் பாட்டில் எனக்கு ஆறுதல் கிடைத்தது என்று நினைக்கிறேன். அதே வாக்கியத்தை, விடை என் கையில் இருக்கிறது என்று நிமிர்ந்து நின்று சொன்னால் அந்த விரல் என்னை நோக்கித்தான் திரும்பும்.

தை பிறந்ததும் வகுப்பு மறுபடி தொடங்கும். சித்தியாரின் அந்த இரண்டு பாட்டும் வரும்போது, நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன். சைவ வகுப்பில் ஆழ்வார் பாசுரம் எதற்கு என்று சிலர் சொல்லக்கூடும். சித்தியார் நமக்குக் காரணம் சொல்லித் தருகிறது, ஆனால் காரணம் காதில் ஏறாத நாளில் அவனிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அந்தப் பத்துப் பாட்டும் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வேன்.