பிள்ளை போகும் வழியும் ஓர் அமானிதமே



நமது கடைகளில் பற்றுக் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டாலும் அதைக் காட்ட மாட்டோம்; அது அமானிதம். ஆனால் நம் பிள்ளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்தத் தெரு வழியே போகிறது என்ற கணக்கை, முகம் தெரியாத கம்பெனிகளிடம் நாமே ஒப்படைத்து வருகிறோம்.

பிறரைக் குறை சொல்ல வரவில்லை. நம் மகள் ஜொகூர் பாருவில் மாலை டியூஷனுக்குத் தனியே போகத் தொடங்கியதும், அவளுக்குச் சொல்லாமலே அவள் போனில் இருக்குமிடம் காட்டும் செயலியைப் போட்டவர்கள்தாம் நாமும். கல்லாவில் இருந்தபடியே பார்த்து நிம்மதி அடைந்தோம்.

அந்த நிம்மதிக்கு விலை உண்டு. குடும்பத்தார் ஒருவரையொருவர் கவனித்துக் கொள்வதற்கென்றே உண்டான லைஃப்360 செயலி, தன்னைப் பயன்படுத்துவோர் இருக்கும் இடத் தகவலை விற்று வந்ததை 2021 டிசம்பரில் தி மார்க்கப் என்னும் அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிட்டது. துல்லியமான தகவலை விற்பதை நிறுத்துவதாகக் கம்பெனி சொன்னது 2022 ஜனவரியில். அதற்கு முன்பு, 2020 நவம்பரில், நம்மில் பலர் தொழுகை நேரம் பார்க்கும் முஸ்லிம் புரோவைப் பற்றியே செய்தி வந்தது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் உண்டான செயலி அது. அதன் தகவல் எக்ஸ்-மோட் என்ற கம்பெனிக்குப் போனதென்றும், அக்கம்பெனி அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றதென்றும் எழுதினார்கள். ராணுவத்துக்கு விற்றோம் என்பது பொய் என்று செயலியார் மறுத்தார்கள். எக்ஸ்-மோடின் தொடர்பையும் அறுத்தார்கள். கிப்லா தேடியவன் நின்ற இடம் எங்கெங்கோ போயிருக்கிறது, பாருங்கள்!

நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் ஒருவர் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணத்தால்தான் வந்தது என்று அவர்கள் கண்டித்ததை ஹதீஸில் காண்கிறோம். சூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் தடுக்கிறது. நாமோ வீட்டுக் கதவில் நம் கையாலேயே துவாரம் போட்டுவிட்டோம்.

இந்நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகச் சம்மதம் தருவது பெற்றோர் அல்லது காப்பாளரே. ஆக, அந்தப் பொத்தானை அமுக்கும் விரல் நம்முடையது. அதில் எழுதியிருப்பதை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? சரக்குச் சீட்டில் ஒரு வெள்ளி கூடினால் மூன்று முறை கூட்டிப் பார்க்கிறோமே!

பிள்ளை காணாமற் போனால் என்ன செய்வது என்பீர்கள். அந்தப் பயம் நமக்கும் உண்டு. ஆயினும் பயம் தீர வேறு வழிகள் இருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் உம்மாவுக்கு ஒரு போன் போதும். விளையாட்டுச் செயலிகளுக்கு இருப்பிடம் எதற்கு? போனின் அமைப்பில் அதை அடைத்து விடலாம். அவசியமானவற்றுக்கும் "எந்நேரமும்" என்பதை மாற்றி, "பயன்படுத்தும்போது மட்டும்" என்று வைக்கலாம்.

சென்ற வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் மகளை அழைத்து விஷயத்தைச் சொன்னோம். "எனக்கு முன்னமே தெரியும் அத்தா. நீங்கள் கேட்டிருந்தால் நானே போட்டுக் கொடுத்திருப்பேன்" என்றாள். அன்று மாலையே அவள் முன்னால் அந்தச் செயலியை நீக்கினோம். இப்போது டியூஷன் விட்டதும் அவளே கூப்பிடுகிறாள். சில நாள் மறந்தும் போகிறாள்.