முகம் யாருக்குச் சொந்தம்?

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுகிறோம். அவர் தோட்டத்துப் பூவைப் பறிக்கவும் அனுமதி கேட்கிறோம். ஆனால் அவருடைய முகத்தைப் படமாக எடுத்துச் செல்ல மட்டும் கேட்கத் தேவையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். தெருவில் இருப்பவரின் முகம் தெருவுக்கே பொது என்பது அவர்களது வாதம். இது சரிதானா?

இக்கேள்வியை எழுப்பத் திருவண்ணாமலை பொருத்தமான ஊர். அங்கே மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரங்களில் காவியுடுத்த சாதுக்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களது நரைத்த தாடியும், திருநீறு துலங்கும் நெற்றியும், சுருக்கம் விழுந்த கன்னமும் படமெடுப்போரை ஈர்க்கின்றன. கைப்பேசி வந்தபின் வழிப்போக்கர் ஒவ்வொருவரும் புகைப்படக்காரரே. சிலர் கேட்டு எடுக்கின்றனர். சிலர் கேளாமலே எடுத்துக்கொண்டு நடக்கின்றனர். வேறு சிலர் பத்து ரூபாயை நீட்டிவிட்டு, அதுவே அனுமதி எனக் கொள்கின்றனர்.

உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸன் 1950 ஏப்ரலில் இவ்வூருக்கு வந்தார். ரமண மகரிஷியை அவருடைய இறுதி நாட்களில் படமெடுத்தார். பிறர் அறியாதவாறு படமெடுப்பதில் தேர்ந்தவர் அவர். தம் சிறிய காமிராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்து வைப்பார். 1952-இல் வெளியான அவரது நூலின் பிரெஞ்சுத் தலைப்பே, அவசரமாகவும் மறைவாகவும் எடுக்கப்பட்ட படங்கள் என்னும் பொருள் தருவது. ஆயினும் தம்மைப் பிறர் படமெடுப்பதை அவர் விரும்பியதில்லை. இது அவரது கலையின் உயர்வைக் குறைத்துவிடாது. ஆனால் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. எண்ணற்ற முகங்களைப் பதிவு செய்தவருக்கும் தம் முகம் தமக்கே உரியதாகத் தோன்றியது. கிரிவலப் பாதையில் அமர்ந்திருக்கும், பெயர் அறியப்படாத முதியவருக்கு அவ்வுணர்வு இருக்காதா?

கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பர் சிலர். கேட்கப்பட்டவர் நிமிர்ந்து உட்காருகிறார், மேலாடையைச் சரிசெய்கிறார், முகத்தில் ஒரு கம்பீரத்தை வரவழைத்துக் கொள்கிறார். அதைப் போலி என்று ஏன் சொல்ல வேண்டும்? உலகம் தம்மை எப்படிக் காண வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ, அதுவும் அவரைப் பற்றிய உண்மைதானே!

நல்ல நோக்கம் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1936-இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வறுமையில் வாடிய தாய் ஒருவரை டோரத்தியா லாங்கே படமெடுத்தார். அவர் அத்தாயின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. படம் வெளிவந்ததும் அரசு அம்முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அத்தாயின் குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. அவர் ப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. படத்தால் தமக்கு ஒரு பயனும் இல்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற வருத்தத்தை அவர் அப்போது வெளியிட்டார். இரக்கத்தோடு எடுத்த படமும் ஒருவரைக் காயப்படுத்தக்கூடும்.

ஆகவே அனுமதி என்பது வெறும் தலையசைப்பு அன்று. 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தவர் சொல்லும் 'சரி'யே உண்மையான அனுமதி. பசித்திருப்பவர் முன் முதலில் பணத்தை நீட்டினால், அவரது மறுப்பை நாமே விலைக்கு வாங்கிவிடுகிறோம்.

இது வழிப்பயணிகளுக்கு மட்டும் உரிய கேள்வியா? நம் பங்குகளிலும் சங்கங்களிலும் அரிசிப் பையோ சேலையோ வழங்கும்போது, பெறுபவரைக் காமிராவை நோக்கித் திரும்பச் சொல்கிறோம். உதவி கையில் வந்து சேராத நிலையில் எந்தத் தாயால் மறுக்க இயலும்? மறைவாகச் செய்ய வேண்டிய அறத்துக்குச் சாட்சியாக ஓர் ஏழையின் கூச்சத்தை நாம் பயன்படுத்துகிறோம்.

அந்நியர் ஒருவரைப் படமெடுக்க விரும்புவோர் பின்பற்றத்தக்க நெறிகள் எளியவை. காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு அருகே செல்லுங்கள். அவர் தரையில் அமர்ந்திருந்தால் நீங்களும் அமருங்கள். 'ஐயா', 'அம்மா' என்று அழைத்து, உங்கள் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேளுங்கள். எதற்காகப் படம், யார் பார்ப்பார்கள் என்பதை ஒளிக்காமல் கூறுங்கள். தியானத்திலோ உணவிலோ உறக்கத்திலோ இருப்பவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே பதில். எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். பிரதி தருவதாகச் சொன்னால் தவறாமல் கொண்டு சேருங்கள். உதவ விரும்பினால், அவர் மறுத்தாலும் அதே உதவியைச் செய்யுங்கள்.

மனிதர் ஒவ்வொருவரும் இறைவனின் சாயல் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த நம்பிக்கை மெய்யானால், எதிரே இருக்கும் முகம் நம் தொகுப்பில் சேர்க்க வேண்டிய காட்சிப் பொருள் ஆகாது. மறுத்த ஒருவரை வணங்கிவிட்டு, படமின்றித் திரும்பும் நாளில், அந்த மதிப்பை நாம் செயலில் காட்டியவர்களாவோம்.